மூன்று சிலுவையும் ஓர் ஓவர்டேக்கும்

நம்மூர் டாக்ஸிக்காரர் போகிற வழியில் கோபுரம் தெரிந்தால், ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டிக்கொள்வார். அரை வினாடி வேலை. ஜார்ஜியாவின் கியோர்கிக்கு அது போதாது. நெற்றி, வயிறு, வலது தோள், இடது தோள் என்று ஒரு சிலுவை. அப்படி மூன்று. அந்த நாட்டிலோ குன்றுக்கு ஒரு தேவாலயம். வலது கை சிலுவையில், இடது கை செல்போனில். அப்போது ஸ்டியரிங் யார் பொறுப்பு என்று கேட்டேன். மேலே விரலைக் காட்டினார். அந்த விரலும் செல்போன் கையில் இருந்த விரல்தான்.

கியோர்கி என்பவர் ஒரே ஆள் இல்லை. ஷார்ஜாவில் கணக்கு எழுதிப் பிழைக்கிற நான், மூன்றரை மணி நேர விமானத்தில் கிடைக்கும் குளிர் என்று திபிலிசிக்கு மூன்று தரம் போயிருக்கிறேன். ஆபீஸ் நண்பர்களோடு ஒரு தரம், மனைவி மக்கள் மச்சினரோடு ஒரு தரம், கும்பகோணத்திலிருந்து வந்த அப்பா அம்மாவோடு ஒரு தரம். மூன்று தரமும் அதே ஒருநாள் பயணம்: மலைக்கோட்டை, ஏரி, மடாலயம், மறுபடி மலை. போக 150 கிலோமீட்டர், வர 150. டிரைவர்கள் வேறு வேறு. ஒருவருக்குத் தொப்பை, ஒருவருக்குத் தாடி, ஒருவருக்கு இரண்டும். மற்றபடி ஒரே பிறவிதான். புனித ஜார்ஜின் பெயரை ஆண்பிள்ளைக்கு வைப்பது அங்கே நம்மிடம் முருகன் பெயரை வைப்பது போல. அதனால் மூவரையும் சேர்த்துக் கியோர்கி என்றே வைத்துக்கொள்வோம்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஜப்பானில் உழைத்து ஓய்வுபெற்றுக் கப்பலேறி வந்த வேன். ஜப்பானில் நம்மைப் போல இடதுபக்கம் ஓட்டுவார்கள், ஆகவே ஸ்டியரிங் வலதுபக்கம். ஜார்ஜியாவில் சாலையின் வலதுபக்கம் ஓட்ட வேண்டும். விளைவு என்ன? முன்னால் லாரி போனால் எதிரே என்ன வருகிறது என்று கியோர்கிக்குத் தெரியாது. இடதுபக்க முன்சீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் தெரியும். அந்தச் சீட்டை விருந்தாளிக்கு மரியாதையாகக் கொடுப்பார்கள்.

"பிரதர், கிளியர்?" என்றார் கியோர்கி.

மலைப்பாதை. ரஷ்ய எல்லை நோக்கி ஊர்கிற சரக்கு லாரிகள், ஒன்றின் வாலை ஒன்று பிடித்தபடி. ஆபீஸில் ஓர் இன்வாய்ஸ் கிளியர் பண்ண மூன்று கையெழுத்துக் கேட்கிறவன் நான். இங்கே எட்டு உயிரை ஒற்றை வார்த்தையில் கிளியர் பண்ணச் சொல்கிறார். "இல்லை, கார் வருகிறது" என்பேன். அவர் முகம் வாடும். "இப்போது?" "லாரி வருகிறது." இன்னும் வாடும். கொண்டை ஊசி வளைவு முடிகிற இடத்தில் ஒரு தேவாலயம் தென்படும், மூன்று சிலுவை விழும், அந்தத் தெம்பில் என்னைக் கேட்காமலே ஏறிவிடுவார். என் அபிப்பிராயத்தில், அவர் தேவாலயத்தைப் பார்த்துச் சிலுவை போடுவதில்லை. ஓவர்டேக் செய்ய நினைக்கும் இடத்தில் தேவாலயத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்.

முதல் நிறுத்தம் ஜ்வாரி மடாலயம். ஆறாம், ஏழாம் நூற்றாண்டுக் கட்டடம், குன்றின் உச்சியில். கீழே அரக்வி ஆறும் ம்த்க்வரி ஆறும் கூடுகிற இடத்தில் பழைய தலைநகர் ம்த்ஸ்கேத்தா. மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்று படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஊர்ப்பெயர் ஒரு தண்டனை. அப்பா நாலு முறை முயன்று, "மஸ்கெட்டி" என்று முடித்துக்கொண்டார். கியோர்கி அதை ஏற்கவில்லை. நடுரோட்டில் வண்டியை மெதுவாக்கி, உதட்டைக் குவித்து, எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தார். பின்னால் ஐந்து வண்டிகள் ஹார்ன் அடித்தன. வாத்தியார் அசையவில்லை.

அவருடைய மொழி நம்மை வேறு விதமாகவும் கவிழ்க்கும். "மோடி, மோடி!" என்று கியோர்கி கூப்பிட்டபோது, நம் பிரதமர் மேல் இவருக்கு இவ்வளவு பாசமா என்று நினைத்தோம். அவர்கள் பாஷையில் "வா" என்று அர்த்தமாம். இதுகூடப் பரவாயில்லை. என் மகன் நாள் முழுக்க மச்சினரை "மாமா, மாமா" என்று இழுத்துக்கொண்டிருந்தான். ஜார்ஜிய மொழியில் மாமா என்றால் அப்பா. காலையிலிருந்து கியோர்கி மச்சினரைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், பிறகு என் மனைவியைப் பார்ப்பார். மதியத்துக்குள் அவர் ஒரு முடிவுக்கு வந்து, மச்சினருக்குத் தனி மரியாதையும் எனக்குத் தனி அனுதாபமும் காட்ட ஆரம்பித்தார். விளக்கிச் சொன்ன பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அனுதாபம் மட்டும் போகவில்லை.

ம்த்ஸ்கேத்தாவில் 11-ஆம் நூற்றாண்டுப் பேராலயம் இருக்கிறது. கட்டிய சிற்பியின் கையைப் பொறாமையில் வெட்டிவிட்டார்கள் என்று கதை. வடக்குச் சுவரில் உளி பிடித்த ஒரு கை செதுக்கியிருக்கிறது. இதைச் சொல்லும்போது கியோர்கி தன் கையையே வெட்டுவது போலக் காட்டினார். வாசலில் பெண்களுக்குத் தலைமூடத் துணியும், முழங்கால் தெரிய வந்தவர்களுக்கு இடுப்பில் சுற்றத் துணியும் வைத்திருந்தார்கள். அரை டிரவுசரில் வந்த மச்சினர் பூப்போட்ட துணியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். மற்ற நாட்டுக்காரர்கள் அதை இடுப்பில் நிறுத்தத் தடுமாறினார்கள். வேட்டி கட்டிய பரம்பரைக்கு அது ஒரு நொடி வேலை. அன்று முழுவதும் எங்கள் குடும்பத்தின் ஒரே சாதனை அதுதான்.

பிறகு ஜின்வாலி ஏரி. ஏரி என்று சொன்னாலும் அணைதான். 1980-களில் அரக்வியை மறித்துக் கட்டியது, திபிலிசிக்குக் குடிநீர் தருகிறது. பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில், சாயப்பட்டறைத் தண்ணீரோ என்று சந்தேகப்படும்படி இருக்கிறது. இங்கே கியோர்கி தண்ணீரைப் பார்த்து மூன்று சிலுவை போட்டார். அங்கே தேவாலயம் எதுவும் இல்லை. லாரியும் இல்லை.

"எதற்கு?" என்றேன்.

"அடியில் இருக்கிறது."

அணை கட்டியபோது தேவாலயம் ஒன்று முழுகிவிட்டது. தண்ணீர் இறங்கினால் தலை காட்டும். இதை நான் தமிழில் சொன்னதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மேட்டூர்லயும் அப்படித்தாம்பா. தண்ணி வத்தினா பண்ணவாடி பக்கம் நந்தி தெரியும், பக்கத்துல ஒரு சர்ச்சு கோபுரமும் தெரியும். அவர்கிட்ட சொல்லு." சொன்னேன். கியோர்கி வண்டியை ஓரங்கட்டினார். இறங்கி, இந்தியா எந்தப் பக்கம் என்று கேட்டார். நான் குத்துமதிப்பாக ஒரு மலையைக் காட்டினேன். மேட்டூர் அணைக்குள் முழுகியிருக்கிற தேவாலயத்துக்கு மூன்று சிலுவை போட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நந்தி யார்?" என்றார். மாடு என்றேன். அதற்கும் ஒன்று போட்டார்.

அனனூரி கோட்டை அந்த ஏரிக்கரையிலேயே நிற்கிறது. அரக்வி பிரபுக்களின் கோட்டை. உள்ளே 1689-இல் கட்டிய தேவாலயம், அதன் சுவரில் திராட்சைக்கொடி செதுக்கல். 1739-இல் பக்கத்துப் பிரதேசமான க்சானியின் பிரபு படையெடுத்து வந்து கோட்டைக்காரர்களைக் கொன்று தீர்த்தான். மற்ற நாட்டு வழிகாட்டிகள் இதை வரலாறாகச் சொல்வார்கள். கியோர்கி வாய்க்கால் தகராறாகச் சொன்னார். போன வாரம் நடந்தது போல, பஞ்சாயத்தில் இன்னும் தீர்ப்பு வராதது போல. "அவனுகளை நம்பவே கூடாது" என்று எச்சரித்தார். க்சானிக்காரர் யாரையாவது சந்தித்தால் ஜாக்கிரதையாக இருப்பதாக அம்மா ஒப்புக்கொண்டார்.

கோட்டை வாசலில் கடைகள். மெழுகுவர்த்திச் சரம் போலத் தொங்குவது சுர்ச்கேலா. வால்நட்டை நூலில் கோத்துக் கெட்டியான திராட்சைக் கூழில் முக்கிக் காயவைத்தது. அம்மா அதை விளக்கேற்ற வாங்கப் பார்த்தார்.

மதியச் சாப்பாடுதான் கியோர்கியின் மேடை. அரக்வியின் வெள்ளைக் கிளையும் கறுப்புக் கிளையும் கலக்கிற பசனவுரி கிராமம், கின்காலிக்குப் பேர்போனது. கின்காலி என்றால் உச்சியில் குடுமி முடிந்த பெரிய கொழுக்கட்டை. உள்ளே இறைச்சியும் சாறும். குடுமியைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, ஓரத்தில் கடித்து, சாற்றை உறிஞ்சி, பிறகு தின்ன வேண்டும். முள்கரண்டியை எடுத்த என் கையைக் கியோர்கி பிடித்துத் தடுத்த வேகம், கொலையைத் தடுக்கிற வேகம். குடுமியைத் தின்னக் கூடாது, தட்டில் வைக்க வேண்டும், எத்தனை தின்றோம் என்று எண்ணுவதற்கு. நம்மூர்ப் பந்தியில் எண்ணினால் சண்டை வரும்.

அப்பா அம்மா சைவம். அதை நான் பரிமாறுகிற அம்மாளிடம் விளக்கத் திணறியபோது கியோர்கி ஒரே வார்த்தையில் முடித்தார்: விரதம். அங்கே தவக்கால உணவென்றே ஒரு வகை உண்டு, இறைச்சி பால் முட்டை எதுவும் இல்லாதது. மண்சட்டியில் அவரைக் கொட்டைக் குழம்பு வந்தது, வால்நட் அரைத்துத் தடவிய கத்தரிக்காய் வந்தது, காளான் வைத்த கின்காலி வந்தது. "எத்தனை நாள் விரதம்?" என்று அந்த அம்மாள் கேட்டார். எழுபத்திரண்டு வருஷம் என்றேன். அவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். தனக்காக வேண்டிக்கொள்ளச் சொல்கிறார் என்றார் கியோர்கி. அப்பா மறுக்கவில்லை. தஞ்சாவூர் ஜில்லாவில் கிடைக்காத அந்தஸ்து.

விருந்தென்றால் அங்கே ஒருவர் தலைமை தாங்கி வாழ்த்துச் சொல்ல வேண்டும். தமதா என்று பேர். வண்டி ஓட்டுகிறவர் குடிக்கக் கூடாது, ஆகவே கியோர்கி பச்சை நிறச் சோடாவைக் கையில் ஏந்தி எழுந்தார். முதலில் கடவுளுக்கு. பிறகு சமாதானத்துக்கு. பிறகு பெற்றோருக்கு, அப்பாவைப் பார்த்தபடி, ஏழு நிமிடம். அப்பாவுக்கு நாலாவது நிமிடத்திலேயே கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது. அடுத்தது கேத்தேவான் ராணி. 1624-இல் ஷிராஸில் கொல்லப்பட்ட ஜார்ஜிய ராணி. அவருடைய எலும்பின் ஒரு பகுதி பழைய கோவா மடாலய இடிபாட்டில் கிடைத்தது. ஹைதராபாத் ஆய்வுக்கூடத்தில் மரபணு பார்த்து உறுதிசெய்தார்கள். 2021-இல் இந்தியா அதை ஜார்ஜியாவுக்குக் கொடுத்தது. கியோர்கியின் கண் கலங்கிவிட்டது. நாங்களே எலும்பைத் துணியில் முடிந்து கொண்டுவந்தவர்கள் போல ஒவ்வொருவர் கையையும் குலுக்கினார். அம்மா, "பரவாயில்லப்பா, இருக்கட்டும்" என்றார். ஸ்டாலின் தங்கள் நாட்டுக்காரர் என்று கியோர்கி ஆரம்பித்து, எங்கள் அப்போதைய முதலமைச்சரின் பெயர் என்ன என்று அப்பா பதில் சொல்லி, அதன்பின் நடந்ததற்குத் தனிக் கட்டுரை வேண்டும். விடுகிறேன்.

கடைசி வாழ்த்து இறந்துபோனவர்களுக்கு. கியோர்கி தன் அம்மாவின் பெயரைச் சொன்னார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அதற்கும் அப்பா உட்கார்ந்தே இருந்தார்.

இந்த உபசாரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு மூன்று கியோர்கிகளும் ஒரே கதை சொன்னார்கள். கடவுள் நாடுகளைப் பங்கு போட்டுக் கொடுத்த அன்று ஜார்ஜியர்கள் விருந்தில் இருந்துவிட்டுத் தாமதமாக வந்தார்களாம். ஏன் தாமதம் என்று கேட்டதற்கு, உங்கள் நலத்துக்குத்தான் குடித்துக்கொண்டிருந்தோம் என்றார்களாம். கடவுள் மனம் இளகித் தனக்கென்று வைத்திருந்த நிலத்தைக் கொடுத்துவிட்டார். நம்மூரில் பந்திக்குத் தாமதமாக வந்தால் ரசம்தான் மிஞ்சும். அவர்களுக்கு நாடே மிஞ்சியிருக்கிறது.

சாப்பிட்டு மலையேறினால், குதவுரி என்ற ஊருக்கு மேலே வளைந்த சுவரும் வண்ண ஓவியமுமாக ஒரு நட்புச் சின்னம். 1783-இல் ரஷ்யாவோடு செய்த உடன்படிக்கையின் 200-ஆம் ஆண்டுக்கு 1983-இல் கட்டியது. நடுவில் 2008-இல் போர் வந்தது. "போட்டோ நல்லா வரும்" என்றார் கியோர்கி. நட்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அப்புறம் 2,300 மீட்டருக்கு மேலே கணவாய், அப்புறம் இறக்கம், அப்புறம் கெர்கெட்டி. 14-ஆம் நூற்றாண்டு ஆலயம், 2,170 மீட்டர் உயரத்தில் தன்னந்தனியாக. ஆபத்துக் காலத்தில் ம்த்ஸ்கேத்தாவின் புனிதப் பொருள்களை இங்கேதான் கொண்டுவந்து ஒளித்தார்களாம். சோவியத் காலக் கடைசியில் அரசாங்கம் போட்ட ரோப் காரை ஊர்மக்களே பிடுங்கி எறிந்துவிட்டார்கள். பின்னால் 5,000 மீட்டரைத் தாண்டிய கஸ்பெக் சிகரம் நிற்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. மூன்று தரமும் எங்களுக்குத் தெரிந்தது மேகம். மூன்று கியோர்கிகளும் அதற்காக மன்னிப்புக் கேட்டார்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்த நேரம் பார்த்துத் தாத்தா அறையைத் தாழ்போட்டுக்கொண்டால் நாம் நெளிவோமே, அந்த நெளிவு. முந்தாநாள் தெரிந்தது என்று செல்போனில் படம் காட்டினார்கள். மேகம் விலகட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள், காத்திருப்புக்குக் காசு கேட்கவில்லை. அப்பா தூங்கிவிட்டார். அவர் மேல் கியோர்கியின் ஜாக்கெட் கிடந்தது.

ராத்திரி பத்து மணிக்கு ஓட்டல் வாசல். பேசிய தொகையை எண்ணாமல் கியோர்கி சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, வண்டியின் பின்னாலிருந்து இரண்டு லிட்டர் கோலா பாட்டில் ஒன்றை எடுத்து வந்தார். உள்ளே வீட்டில் போட்ட ஒயின். விரதக்காரர் குடிக்க மாட்டாரே என்றேன். பரவாயில்லை, வைத்திருக்கட்டும் என்றார். எங்கள் பக்கம் மூன்று சிலுவை போட்டுவிட்டுக் கிளம்பினார்.

நீங்களும் போய் வாருங்கள். மே மாதம் முதல் அக்டோபர் வரை பாதை நன்றாக இருக்கும், மேல்சட்டை ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். சைவம் என்றால் விரதம் என்று சொல்லுங்கள். இடதுபக்க முன்சீட்டை மட்டும் மச்சினருக்குக் கொடுத்துவிடுங்கள்.