கல்லீரலுக்கு ஒரு சந்தா

ஸ்கேன் அறிக்கையில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 1' என்று ஒரு வரி விழுந்தால் போதும், சந்தா வாங்கும் பெங்களூர் உடற்பயிற்சியாளர் பாளையங்கோட்டை வீட்டு ஹாலுக்குள் கைபேசி வழியே வந்து நின்றுவிடுகிறார். அவர் சொல்வதில் தப்பில்லை: வாரம் 150 நிமிடம் வேகநடை போட்டால் எடை இறங்காவிட்டாலும் கல்லீரல் கொழுப்பு குறையும், எடை 7 முதல் 10 சதவீதம் இறங்கினால் அழற்சியும் தணியும். அரசு மருத்துவரும் இதையேதான் சொல்கிறார். ஆனால் காசு வாங்காத வாக்குக்கு நம் ஊரில் மரியாதை கம்மி. மத்திய அரசு 2021-லேயே கொழுப்புக் கல்லீரல் நோயைத் தொற்றா நோய்த் திட்டத்தில் சேர்த்தது. 2023 நவம்பரில் தமிழக அரசு மாவட்டந்தோறும் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 8 கிலோமீட்டர் பாதையும் குறித்துக் கொடுத்தது. கால்களை மட்டும் நாம் கொண்டுபோனால் போதும்.

சித்திரை வெயிலில், தெருநாய்களுக்கு நடுவே எப்படி நடக்க, வீட்டுவேலை ஓயாத பெண்கள் எந்நேரம் மைதானம் போக என்று கேட்டால், நியாயம்தான். அவர்களுக்கு ஆன்லைன் வகுப்பு வரம். நேரலையில் பெயர் சொல்லி ஒருவர் அதட்டினால் உடம்பும் வளைகிறது. சந்தா கட்டியதையே உடற்பயிற்சியாகக் கணக்கெழுதுவதுதான் கோளாறு. சாய்வு நாற்காலியில் கிடந்தபடி வீடியோ பார்த்து முடித்தாலும் செயலி 'சபாஷ்' போடும், கல்லீரல் போடாது. அந்தச் சபாஷின் தெம்பில் நெல்லையப்பர் கோயில் எதிரே அல்வாவுக்கு வரிசையில் நின்றால், எரித்த கலோரியை நெய்யும் சர்க்கரையும் வட்டியோடு திருப்பிக் கட்டிவிடுகின்றன. வரிசையில் நின்ற நேரத்தையும் 150 நிமிடத்தில் சேர்த்துக்கொள்ளும் செயலி ஒன்று வந்தால், திருநெல்வேலியில் சந்தா குவியும்.