வீரர்களும் காபியும்

1866-ஆம் ஆண்டில் சார்லஸ் குட்நைட் என்னும் பண்ணைக்காரர் பழைய ராணுவ வண்டியொன்றை நடமாடும் சமையற்கூடமாக மாற்றியமைத்த காலந்தொட்டு, டெக்ஸாஸிலிருந்து மாட்டு மந்தைகளை வடக்கே ஓட்டிச் சென்ற வீர புருஷர்கள், திறந்த வெளியில் மூட்டிய நெருப்பின்மேல் கரிபிடித்த பாத்திரமொன்றை ஏற்றி, வடிகட்டி என்னும் நாகரிக சாதனத்தின் சகாயமின்றிக் காபித் தூளை நேரே தண்ணீரிலிட்டுக் கொதிக்கவைத்து, அது எவ்வளவு கறுத்துக் கசக்கிறதோ அவ்வளவுக்குத் தைரியம் விருத்தியாகும் என்பதுபோல் அருந்தி வந்தார்கள். குளிர்ந்த நீரைத் தெளித்தோ, முட்டையோட்டை நொறுக்கிப் போட்டோ தூளை அடியில் படியச் செய்வதே அவர்கள் கண்ட சாஸ்திரம்.

இத்தகைய முரடர்கள், அந்நாளில் பிரசித்தி பெற்ற ஆர்பக்கிள் காபிப் பொட்டலத்தினுள் வைத்திருந்த ஒரேயொரு பெப்பர்மிண்ட் மிட்டாயின் நிமித்தம், கொட்டை அரைக்கும் உத்தியோகத்துக்குப் போட்டியிட்டதாகச் சொல்லுவார்கள். துப்பாக்கிக்கு அஞ்சாத நெஞ்சமும் தித்திப்புக்கு அடிமைதான் போலும்!

உல்லாசத்துக்காகக் கூடாரமடிக்கும் இக்காலத்து வனவாசிகளோ, தராசும் வெப்பமானியும் காபிக் கொட்டை அரைக்கும் கைத்திருகு யந்திரமும் சகிதமாக மலையேறி, உயரமான இடத்தில் தண்ணீர் 100 டிகிரியை எட்டுமுன்பே கொதித்துவிடும் அநியாயத்தைக் கண்டு வியாகூலப்படுகிறார்கள். அவர்களுக்கு நான் கூறக்கூடியது இவ்வளவே: விறகு நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கடைசி வாயைக் குடியாதீர்கள், அது காபியல்ல, மண்டி.