நனைவியல்: மூலமும் உரையும்

பாயிரம்

நூல் என்று ஒன்று செய்தால் அதற்குப் பாயிரம் வேண்டும். செய்தவர் யார், எந்த வழியில் வந்தது, எல்லை எது, கேட்போர் யார், பயன் என்ன என்று எட்டுச் செய்திகள் அதில் வர வேண்டும் என்பது நம் இலக்கண மரபு. முறைப்படியே சொல்லிவிடுகிறேன்.

ஆக்கியோன், எங்கள் வீட்டில் மாப் பிடிக்க விதிக்கப்பட்ட அடியேன். நாய்க்குட்டி மூத்திரம் போக விரிக்கும் பேட், அதன் பாக்கெட்டின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்ட நான்கு வரிகள் முதல்நூல், இது வழிநூல். எல்லை, வடக்கே பால்கனி, தெற்கே இரும்பு கிரில். சென்னையில் மூன்றாவது மாடியில் இவற்றுக்கு இடைப்பட்ட இரண்டு பெட்ரூம் நிலம். பெயர் நனைவியல். யாப்பு, நூற்பாவும் உரையும். நுதலிய பொருள், லட்டு என்னும் இரண்டு மாத ஷிட்ஸு குட்டியைப் பேட்டில் மட்டும் போகப் பழக்குதல். கேட்போர், இருட்டில் வெறுங்காலோடு தண்ணீர் குடிக்கப் போகும் அனைவரும். பயன், காலில் ஈரம் படாமை.

"ஏன்டா, தெருவுல இல்லாத இடமா? எங்க காலத்துல நாய்க்கு யாரு பாய் விரிச்சா?" என்று அப்பா கடா எழுப்பினார். விடை வருமாறு: பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசித் தவணைகள் முடியக் குட்டிக்குப் பதினாறு வாரம் ஆகிவிடும். அதுவரை தெருமண்ணில் கால் வைக்க விடாதீர்கள் என்பது கால்நடை மருத்துவர் வாக்கு. தவிர, குட்டியின் மூத்திரப்பை லிஃப்ட் வரும்வரை காத்திருப்பதில்லை. ஆகவே பேட்.

1. கருவியியல்

மேலது துணியே; நடுவது கூழே;
கீழது நெகிழி, நான்காம் அடுக்கோ
நாற்றம் என்ப நனைந்தறிந் தோரே.

இது பேட்டின் உறுப்புகளை உணர்த்திற்று. மேலே நெய்யாத மெல்லிய துணி. நடுவில் மரக்கூழ்ப் பஞ்சும், ஈரம் பட்டதும் ஜெல்லியாக உப்பும் சோடியம் பாலிஅக்ரிலேட் குருணையும். அடியில் பாலிதீன். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரியில் விரிப்பார்களே, அந்த அண்டர்பேடின் உடன்பிறப்பு. 'இங்கே வா' என்று குட்டியை அழைப்பதற்காகச் சில நிறுவனங்கள் அதில் வாசனையும் சேர்க்கின்றன. அந்த அழைப்பை லட்டு வேறு மாதிரி புரிந்துகொண்டான். மூலையைக் கடித்து, சோபாவுக்கு அடியில் இழுத்துப் போய், பஞ்சை வெளியே எடுத்து ஹால் முழுக்கப் பரப்பினான். நான்கு பக்கமும் சட்டம் வைத்த பிளாஸ்டிக் தட்டுக்குள் பேட்டைச் செருகிய பிறகே அது விரிப்பு என்ற நிலையை அடைந்தது.

2. பொழுதியல்

உண்டபின் எழுந்தபின் ஆடியபின் என
மூன்றே பொழுதாம் குட்டிக்கு, அவற்றுள்
எழுந்த பின்னர்ப் பொறுத்தல் இலவே.

நம் புலவர்கள் ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்தார்கள். குட்டிக்கு மூன்று போதும். வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்குவது இயற்கை. ஆகவே சாப்பிட்ட ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் சேதி வரும். எவ்வளவு நேரம் அடக்கும் என்பதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்றைக் கூட்டினால் அத்தனை மணி நேரம். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி. இது தூங்கும் குட்டிக்குச் சொன்ன உச்சவரம்பு. விழித்து விளையாடும் குட்டிக்கு அரை மணியே அதிகம். சிற்றினமாக இருந்தால் பையும் சிறிது.

இனி ஒரு ஐயம். தொடங்கிவிட்டதைக் கண்டபின் ஓடிப்போய்த் தூக்க நேரம் இருக்கிறதா? 2014இல் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் பாலூட்டிகள் சிறுநீர் கழிக்கும் நேரத்தை அளந்து, 3 கிலோவுக்கு மேற்பட்ட விலங்குகளுக்கு யானை வரைக்கும் சராசரி 21 வினாடிதான், கூடக்குறைய 13 என்று கண்டார்கள். மறு ஆண்டே அதற்கு, வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் கிடைத்தது. 21 வினாடி தாராளம் என்று நம்பி நான் சோபாவைச் சுற்றி ஓடினேன். லட்டு 3 கிலோவுக்குக் கீழ். அந்த விதி அவனைக் கட்டுப்படுத்தாது. நான் போய்ச் சேர்ந்தபோது அவன் வாலை ஆட்டி என்னை வரவேற்றான்.

3. மெய்ப்பாட்டியல்

முகர்தல், சுற்றுதல், மறைவிடம் நாடல்,
ஆடும் போதே அசைவற நிற்றல்
எனநால் வகைத்தே குட்டியின் குறிப்பே;
கண்டோர் குறிப்போ எட்டு வகைத்தே.

முதல் மூன்றும் யாருக்கும் தெரியும். நான்காவதுதான் நுட்பம். பந்தைத் துரத்திக்கொண்டு ஓடும் லட்டு சட்டென்று நிற்பான். பந்து உருண்டு கட்டிலுக்கடியில் போய்விடும். அவன் அதைப் பார்க்கமாட்டான். பார்வை சுவரில் இருக்கும். பின்னங்கால் இரண்டும் மெல்ல அகலும். அந்த இமைப்பொழுதில் தூக்கிப் பேட்டில் வைப்பவரே இக்கலையில் தேர்ந்தவர்.

கண்டோர் மெய்ப்பாடு எட்டும் எங்கள் வீட்டிலேயே கிடைத்தன. மகளுக்கு எப்போதும் நகை. காலில் பட்டவருக்கு இளிவரல். "இத்தனூண்டு உடம்புக்குள்ள இவ்வளவா!" என்று வேலைக்கு வரும் அக்காவுக்கு மருட்கை. பத்தமடைப் பாயை இழந்த அம்மாவுக்கு அழுகை. சம்பந்தி வீட்டார் பெல் அடிக்கும்போது எனக்கு அச்சம். வெகுளி அப்பாவுக்கு, அதற்கு ஒரு வரலாறு உண்டு. லட்டு பிறந்த இடத்தில் அவனுக்கு விரித்திருந்தது பழைய பேப்பர். எட்டு ஒன்பது வாரத்துக்குள் காலடியில் எது பட்டுப் பழகுகிறதோ அதையே குட்டி பிறகும் தேடும். அப்பாவோ பேப்பரைத் தரையில் விரித்துப்போட்டுப் படிப்பவர். காபி எடுக்க எழுந்து போனார். திரும்பி வந்தபோது தலையங்கம் நனைந்திருந்தது. பிறகு பேட்டின்மேல் பேப்பரைப் போட்டு, அந்தத் தாளை நாளுக்கு நாள் சிறிதாக்கி அவனைப் பேட்டுக்குக் கடத்தினோம். முதல்முறை வெறும் பேட்டில் அவன் போனபோது வீடே கைதட்டியது. அது உவகை. எஞ்சிய பெருமிதம் லட்டுவுக்கு.

4. எல்லையியல்

முன்கால் உள்ளெனில் முழுதும் உள்ளே
என்பது குட்டியின் கோளே, மனிதர்
பின்காற் கூறே பெரிதெனக் கொள்வர்.

பேட் பழகிய குட்டி பேட்டுக்குத்தான் வருகிறது, ஆனால் ஈரம் டைல்ஸில் இருக்கிறது. இந்தப் புதிரை விடுவிக்கிறது இந்நூற்பா. லட்டு வருவான். முகர்வான். முன்கால் இரண்டையும் பேட்டின்மேல் வைப்பான். பாதத்துக்கு மெத்தென்று இருக்கிறது, மூக்குக்கு வாசனை வருகிறது. எல்லாச் சான்றும் முன்பக்கத்தில் சரியாக உள்ளன. பின்பக்கம் இன்னும் வாசலைத் தாண்டவில்லை என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்ல யாருமில்லை. 60க்கு 45 செ.மீ. பேட்டை விட்டு 60க்கு 90 வாங்குவதும், சுவர் மூலையில் வைத்து உள்ளே ஏறித்தான் திரும்ப வேண்டும் என்று ஆக்குவதும் தீர்வு.

திசை பற்றியும் ஒரு கொள்கை உண்டு. செக், ஜெர்மன் ஆய்வாளர்கள் 37 இனங்களைச் சேர்ந்த 70 நாய்களைப் பின்தொடர்ந்து, 1,893 முறை மலங்கழித்ததையும் 5,582 முறை சிறுநீர் கழித்ததையும் குறித்துவைத்து, பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும் வேளையில் நாய்கள் வடக்கு தெற்காக நிற்பதையே விரும்புகின்றன என்று 2013இல் வெளியிட்டார்கள். இதை வீட்டில் வாசித்துக் காட்டியது வினையாயிற்று. "வாஸ்துல கழிவறைக்கு வடமேற்குதான்" என்று அம்மா பேட்டை நகர்த்தினார். அந்த நாய்கள் திறந்தவெளியில் கயிறின்றித் திரிந்தவை. எங்கள் வீட்டிலோ எத்திசை நின்றாலும் சோபாதான். பேட்டை அடிக்கடி இடம் மாற்றினால் குட்டி குழம்பும் என்பதே இங்கு கொள்ளத்தக்கது.

ஆண்குட்டி வளர்ந்து காலைத் தூக்கினால் என் செய்வது எனின், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வுப்படி சிறிய நாய்களே காலை அதிகக் கோணத்தில் தூக்குகின்றன. தன் உருவத்துக்கு மீறிய உயரத்தில் முத்திரை பதிக்கும் ஆசை. அப்போது பேட் தரையிலிருந்து சுவருக்கு ஏறும். அது இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

5. வழுவியல்

கண்டபின் சினத்தல் கல்வி அன்றே;
பினாயில் தெளித்தல் பெருவழு, மாப்போ
ஒருமூலை நாற்றம் ஊர்ப்பொது ஆக்கும்.

வழு மூன்று. முதலாவது, காய்ந்த ஈரத்தைக் காட்டித் திட்டுவது. "அது மூஞ்சியப் பாரு, தப்பு பண்ணது அதுக்கே தெரியுது" என்றார் அம்மா. ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் இதையே சோதித்தார். தப்புச் செய்யாத நாயைத் திட்டியபோதும் அதே முகம் வந்தது. சொல்லப்போனால் அப்போதுதான் கூடுதலாக வந்தது. அந்த முகம் நம் கோபத்துக்குப் பதில், குற்றத்துக்குச் சாட்சியன்று. திட்டத் திட்ட, மனிதர் முன்னால் போகக்கூடாது என்ற ஒன்றைத்தான் குட்டி கற்கும். பிறகு சோபாவுக்குப் பின்னால் போகும்.

இரண்டாவது, பினாயில். அதன் நெடி நம் மூக்கை ஏமாற்றும். நாய் மூக்கு அடியில் கிடக்கும் பழைய வாசனையைத் தவறாமல் படிக்கும். நக்கினால் வயிற்றுக்கும் கெடுதல். அம்மோனியா கலந்த திரவமோ மூத்திரத்தின் நெடியையே ஒத்தது. நொதி கலந்த துப்புரவுத் திரவம்தான் அந்த வாசனையை மூலத்திலேயே சிதைக்கும். மூன்றாவது, மாப். மூலையில் ஒற்றித் துடைக்க வேண்டியதை அதே வாளித் தண்ணீரில் முக்கி ஹால் முழுக்க இழுத்தால், ஒரு சாண் தப்பு முந்நூறு சதுர அடி அனுமதியாக மாறும்.

பரிசிலும் வழு உண்டு. பேட்டில் போன மறுநொடியே அங்கேயே பிஸ்கட் கொடுக்க வேண்டும். சமையலறைக்குப் போய் டப்பாவைத் திறந்தால், சமையலறைக்கு ஓடி வந்ததற்குத்தான் பரிசு என்று கணக்காகிவிடும். இதில் லட்டு நம்மை மிஞ்சினான். பேட்டில் நாலு சொட்டு, ஒரு பிஸ்கட். மறுபடி நாலு சொட்டு, இன்னொரு பிஸ்கட். மிச்சத்தை ஆற அமர வேறிடத்தில் வைத்துக்கொண்டான். முழுதும் முடியும்வரை கையை நீட்டாமல் இருப்பதே இதற்கு மாற்று.

6. நிலவியல்

வாழிடம் நனைத்தல் நாய்க்கியல் பன்றே;
வாழா இடமெனின் வரையறை இன்றே.

இந்நூலின் உயிர்நிலை இந்நூற்பா. பிறந்து மூன்று வாரம் வரை குட்டியால் தானாகப் போக முடியாது. தாய் நக்கித் தூண்டிவிட்டு, வந்ததை அவளே சுத்தம் செய்துவிடுவாள். கால் ஊன்றியதும் படுக்கையை விட்டுத் தள்ளிப் போய்ப் போகும். ஆக, தூங்கும் இடத்தையும் தின்னும் இடத்தையும் நனைக்கலாகாது என்ற சட்டத்தோடுதான் குட்டி நம் வீட்டுக்கு வருகிறது. சட்டத்தில் குறையில்லை, அது சொல்லும் வீடு ஒரு கூடை அளவு. நாம் கொடுப்பதோ தொள்ளாயிரம் சதுர அடி. கூடையிலிருந்து பத்தடி தள்ளி அது போகும்போது தன் அறிவுக்கெட்டியவரை ஊருக்கு வெளியேதான் போயிருக்கிறது. பழக்குவதாவது, 'இதுவும் வீடு, இதுவும் வீடு' என்று எல்லையைத் தள்ளிக்கொண்டே போவது. அதனால்தான் முதலில் சிறு தடுப்புக்குள் வைத்து, பிறகு ஓர் அறை, பிறகு இன்னொன்று என்று திறந்துவிடச் சொல்கிறார்கள்.

இந்த நோக்கில் லட்டு நனைத்த இடங்களை வரைபடமாகப் போட்டுப் பார்த்தேன். டிவிக்கு முன்னால் அறவே இல்லை. சமையலறையில் இல்லை. அப்பாவின் ஈஸிசேர் பக்கம், பேப்பர் விபத்து நீங்கலாக, இல்லை. மொய்த்திருந்தவை இரண்டு இடங்கள். ஒன்று, கெஸ்ட் ரூம். பாலிதீன் உறை பிரிக்காத மெத்தை, கொலுப்படி, மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி இவற்றோடு எப்போதும் சாத்திக்கிடக்கும் அறை. மற்றொன்று, டைனிங் டேபிளுக்கு அடி. ஆறு பேர் உட்காரும் தேக்கு மேஜை. மேலே மாத்திரை அட்டை, கேஸ் பில், அயர்ன் செய்ய வைத்த துணி. நாங்கள் தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதே வழக்கம். இந்த வீட்டில் யாரும் எங்கே வாழவில்லை என்பதை லட்டு கண்டுபிடித்து ஈரத்தால் அடிக்கோடிட்டிருக்கிறான்.

மருந்தும் அந்த வரைபடத்திலேயே இருந்தது. கெஸ்ட் ரூமைத் திறந்தோம். அவன் சோற்றுக் கிண்ணத்தை அங்கே வைத்தோம். அப்பா மதியத் தூக்கத்தை அங்கே மாற்றிக்கொண்டார். மெத்தையின் பாலிதீனைக் கிழித்தார். டைனிங் டேபிளைத் துடைத்து ராத்திரிச் சாப்பாட்டை அதில் வைத்தோம். காலுக்கடியில் லட்டு படுத்துக்கொண்டான். இரண்டு இடமும் காய்ந்தன.

அப்படியானால் பேட்டுக்கு உரிய நிலம் எது? சோற்றுக்கும் படுக்கைக்கும் தூரமாக, ஆள் நடமாட்டம் அற்றதாக, என்றும் மாறாததாக இருக்க வேண்டும். ஹாலின் மூலையில் அத்தகைய இடம் ஒன்று உண்டு. அங்கே ஒரு புத்தாண்டுக்கு வாங்கிய டிரெட்மில் நிற்கிறது. கைப்பிடியில் என் துண்டு காய்கிறது. அதற்குப் பின்னால் தட்டை வைத்தேன். அதன்பின் லட்டு இடம் தவறுவதில்லை. "அதை வித்துடலாமாங்க?" என்று மனைவி கேட்டாள். கூடாது என்று சாத்திரப்படி விளக்கினேன்.

புறனடை

முடிந்தது விதியே, முடியா தெல்லாம்
துணியின் பாலே, துடைத்தல் கடனே.