கிரிப்பில் பெயர் கெட்டவர்களுக்கு ஒரு கைநூல்

முதலில் ஊருக்குச் சொல்லுங்கள். கல்முனையில் ஏதோவொரு வங்கியில் லோன் கேட்டுப் போயிருப்பீர்கள். மெனேஜர் கம்பியூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, “கிரிப்பில ஒரு பிரச்சினை காட்டுதே” என்று இழுத்திருப்பார். உடனே வெளியே வந்து தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, “என்ட பேர ப்ளக் லிஸ்ட்ல போட்டுட்டானுகள்” என்று அறிவித்துவிட வேண்டும். அறிக்கையைக் கண்ணால் பார்க்குமுன் செய்தால்தான் சுவை. இஷாவுக்குள் செய்தி சாய்ந்தமருதைத் தாண்டி, மகளுக்குப் பேசிவைத்த இடத்தில் இரண்டாம் யோசனையை உண்டாக்கிவிடும்.

இல்லை, அறிக்கையைப் பார்த்தே தீருவேன் என்பவர்களுக்கு மட்டும் மிச்சம். கிரிப் என்பது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் பிறந்தது. அதனிடம் கறுப்புப் பட்டியல் எதுவும் கிடையாது. வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் அனுப்புவதை அடுக்கிவைத்து, கடன் கொடுப்பவர் கேட்கும்போது எடுத்துக் காட்டும். ஒழுங்காகக் கட்டியதும் அதில் இருக்கும், கட்டாமல் விட்டதும் இருக்கும். லோன் தருவதா இல்லையா என்பது வங்கியின் முடிவு. ஆனாலும் “நான் தருவன், கிரிப்தான் விடுதில்ல” என்று சொல்வதில் மெனேஜருக்கு ஒரு நிம்மதி, அதைக் கெடுக்காதீர்கள். உங்கள் சொந்த அறிக்கையை வங்கிக் கிளை மூலமே கேட்டெடுக்கலாம். அதற்காகக் கொழும்புக்கு இரவு பஸ் ஏறத் தேவையில்லை.

அறிக்கை கைக்கு வந்ததும் கடனைத் தேடாதீர்கள், உங்களைத் தேடுங்கள். மருதமுனைக்கும் பொத்துவிலுக்கும் இடையில் இனிசலில் ‘எம்’ இல்லாத ஆம்பிளை அபூர்வம். அந்த முஹம்மதையும் பிறப்புப் பத்திரத்தில் ஒரு எம் போட்டும், பாஸ்போட்டில் இரண்டு எம் போட்டும், லீசிங் பத்திரத்தில் எழுதியவரின் மனம்போலவும் எழுதியிருப்பார்கள். போதாததற்கு 2016இலிருந்து அடையாள அட்டை இலக்கம் பன்னிரண்டாக நீண்டது. பழைய ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட அட்டையில் எடுத்த கடன் ஒரு பக்கம், புதிய அட்டையில் எடுத்தது இன்னொரு பக்கம். இதுவரை, இந்த இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்தே பழகியவர் நீங்கள். இப்போது அதே பெயருள்ள இன்னொருவரின் கடன் உங்கள் அறிக்கையில் ஏறியிருந்தால், இந்த ஒரு பெயர் இரண்டு ஆட்கள் என்று நிறுவ வேண்டும். அவருடைய அட்டை இலக்கம் வேறென்றால் வேலை சுலபம். பெயரோடு மல்லுக்கட்டாமல் இலக்கத்தைக் காட்டுங்கள்.

இனி, ஒருகாலும் எடுக்காத கடன். நன்றாக யோசியுங்கள். ஜும்ஆ முடிந்து மச்சான் ஒருவர், “சும்மா ஒரு சைன்தான் காக்கா” என்று கடதாசியை நீட்டினாரா? ஆட்டோ லீசிங்குக்கா? அது பிழை அல்ல, பிணை. பிணை நின்ற கடனும் உங்கள் அறிக்கையில் ஏறும். மச்சான் கட்டாரில் இருப்பார், ஆட்டோ நிந்தவூரில் யார் கையிலோ ஓடும், தவணை உங்கள் பெயரில் நிற்கும். இதைப் பிழையென்று முறையிட நினைப்பவர்கள் தாராளமாக முறையிடலாம். தபாற்கந்தோருக்கும் வியாபாரம் வேண்டாமா.

மெய்யான பிழையும் உண்டு. கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கியாக நிற்பது இதில் முதல் ரகம். இங்கேதான் விளையாட்டு. கிரிப் தானாக அழிக்காது. உங்கள் முறைப்பாட்டை, அந்த விபரத்தை அனுப்பிய நிறுவனத்துக்கே அனுப்பிக் கேட்கும். ஆகவே பிழை விட்டவரே பிழையென்று ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் இடமாற்றத்தில் போயிருப்பார். வந்தவர், “நாங்க பார்க்கிறம், ஆறுதலா வாங்க” என்பார். ஆறுதலாகப் போகாதீர்கள். கடிதமாக எழுதி, கடன் தீர்த்த கடிதத்தின் பிரதியை இணைத்து, உங்கள் பிரதியில் திகதியோடு முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள். பணம் கட்டிய மெஷின் துண்டுகளை அன்றைக்கே போட்டோகொப்பி எடுத்திருக்க வேண்டும். எழுத்து வெளுத்த துண்டு எதற்கும் சாட்சி சொல்லாது. அதற்கும் அசையாவிட்டால் மத்திய வங்கியின் 1935 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. “ஒரு தொகை தாங்க, கிரிப்ப கிளீன் பண்ணித் தாறன்” என்று வருபவருக்கு ஒரு பிளேன்டி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

எல்லாம் திருந்தியதும் திரும்பிப் போங்கள். மெனேஜர் கம்பியூட்டரைப் பார்த்து, பிரச்சினை இல்லை என்பார். பிறகு பத்திரத்தை நீட்டி, இரண்டு பிணையாளிகளைக் கூட்டிவரச் சொல்வார். மச்சான் லீவில் வந்திருக்கிறாரா என்று விசாரியுங்கள்.