உப்பு ஜாடிக்குக் காவல்காரன்

ஏலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. சென்னையில இருந்து லீவுக்கு வந்தவன் நிம்மதியாத் தூங்குவேன்னு பாத்தா, அடுப்பங்கரையில உப்பு ஜாடிக்குக் காவல் நிக்க. ஒங்கம்மா ரசத்துக்கு உப்பள்ளக் கைய விட்டா, “போதும்மா, நான் வெயிட்ட கொறைக்கேன்”னு அதட்டுத. உப்பு விளைச்சல்ல குஜராத்துக்கு அடுத்தபடி தமிழ்நாடுன்னா அது நம்ம தூத்துக்குடியாலதான். இந்த மண்ணுல பாத்தி மிதிச்சுக் காலு வெடிச்ச குடும்பத்துல, உப்பே ஆகாதுன்னு சொல்ல ஒரு பிள்ளை பொறந்துருக்கான். பெருமைதான், போ.

எடை மெஷின்ல ஏறி நின்னுட்டு “ரெண்டு கிலோ எறங்கிட்டு தாத்தா”ன்னு துள்ளுனியே, அந்தக் கணக்கக் கொஞ்சம் பாப்போமா? ஒரு கிலோ கொழுப்புன்னா ஏறக்குறைய 7,700 கலோரி. ரெண்டு கிலோவுக்கு 15,000 தாண்டிரும். அம்புட்டையும் எரிக்கணும்னா, இங்கன இருந்து திருச்செந்தூருக்கு ஓடிட்டு, முருகனுக்கு ஒரு கும்புடு போட்டுட்டுத் திரும்பி ஓடியாந்தாலும் பத்தாது. நீ ஓடுனதெல்லாம் கட்டில்ல இருந்து டிவி ரிமோட்டு வரைக்கும்.

பெறவு அந்த ரெண்டு கிலோ எங்க போச்சு? மழைக்காலத்துல கல்லுப்பு ஜாடி கசிஞ்சு நிக்கும்லா, தண்ணியப் பிடிச்சு வச்சுக்கிடுறது உப்போட கொணம். ஒடம்புக்குள்ளயும் அதே கதைதான். ஆஸ்பத்திரியில ஏத்துற சலைன் பாட்டில்ல லிட்டருக்கு 9 கிராம் உப்பு. நம்ம ரத்தமும் கிட்டத்தட்ட அந்தக் கணக்குலதான் ஓடுது. உப்பு கூடுனா தவிக்கும், நீ செம்பு செம்பாக் குடிப்ப, கிட்னி மிச்ச உப்பக் கழிச்சு விடுற வரைக்கும் தண்ணி உள்ளயே கெடக்கும். உப்பக் கொறச்சா அது எறங்கிரும். ஆக, நீ தொலச்சது தொப்பைன்னு நெனச்சுக்கிட்டிருக்க, தொலஞ்சது மூத்திரம்.

இன்னொண்ணும் கேட்டுக்க. நாளைக்கு சித்தி வீட்டு விசேசத்துல பிரியாணிய ஒரு பிடி பிடிச்சா, மறுநாள் காலையில மெஷின் ஒண்ணரை கிலோ கூடக் காட்டும். அதுவும் முக்காவாசி தண்ணிதான். அதப் பாத்துட்டு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடாத.

செரி, ஜாடிக்குக் காவல் வச்ச. கொல்லைப் பக்கத்த யாரு பாக்கா? நேத்து மத்தியானம் தயிர்ச்சோத்துக்கு உப்பு வேண்டாம்ன. தொட்டுக்கிட என்னல எடுத்த? ஆச்சி போட்ட எலுமிச்சங்கா ஊறுகா, உப்பு மோர்ல ஊறி ஊறிக் காஞ்ச மோர்மிளகா ரெண்டு, பொரிச்ச அப்பளம். அப்பளத்துல உப்பு போக அப்பளக்காரம் வேற, அதுவும் சோடியந்தான்.

ராத்திரி போர்வைக்குள்ள மிச்சர் பாக்கெட்டு சரசரங்குது. கெழவனுக்குக் காது மந்தம்னு நெனச்சுட்ட. காலையில அந்தப் பாக்கெட்ட எடுத்துக் கண்ணாடியப் போட்டுப் படிச்சேன். உப்பு எம்புட்டுன்னு எழுத மாட்டான். சோடியம்னு மில்லிகிராம்ல பொடி எழுத்துல போட்டிருப்பான். அத 2.5 ஆல பெருக்குனா உப்பு வரும். 100 கிராம் மிச்சருக்கு 800 மில்லிகிராம் சோடியம்னா, 2 கிராம் உப்பு. நீ 200 கிராம் பாக்கெட்ட வழிச்சு நக்கி வச்சிருக்க. ஆச்சா, 4 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ளங்குது. மிச்சமிருக்க ஒரு கிராம வச்சு ஒங்கம்மா சாம்பாரு, ரசம், பொரியல் அம்புட்டையும் ஒப்பேத்தணும்!

இதுல நீ காசு குடுத்து வாங்குற இளஞ்சிவப்பு இந்துப்பு வேற. அதுவும் சோடியம் குளோரைடுதான்ல. கொறையுறது ஒன் பர்ஸு மட்டுந்தான். பொட்டாசியம் கலந்த உப்பு வாங்கணும்னா, கிட்னிக் கோளாறோ பிரஷர் மாத்திரையோ இருக்கவங்க டாக்டரக் கேக்காம தொடப்படாது.

உப்புல கலோரி ஒரு பொட்டுக்கூட கெடையாது. அது கூட்டிட்டு வர்ற கூட்டாளிக்குத்தான் கலோரி. உப்பில்லாத மிச்சர ஒரு கை திம்பியா? ஊறுகா இல்லாம ரெண்டாந்தட்டு தயிர்ச்சோறு எறங்குமா? எண்ணெயும் மாவும் உப்பப் பிடிச்சுக்கிட்டுத்தான் வயித்துக்குள்ள நொழையுது. அந்த எடத்துல கைய வச்சேன்னா உப்பும் கொறையும், தொப்பையும் கொறையும், பிரஷரும் அடங்கும்.

ஒடனே உப்பே இல்லாம பத்தியம் இருக்கேன்னு கெளம்பிராத. பாத்தியில வெயில்ல வெந்தப்ப நாங்க கஞ்சியில கூட ஒரு கல்லு போட்டுத்தான் குடிச்சோம். வேர்வையில போறத ஈடு கட்டணும்லா. ஒனக்கு ஏசி ரூமு, அந்தச் சலுகை கெடையாது. எங்கள மாதிரி கெழடுக, நீர் போற மாத்திரை திங்கவங்க, சோடியம் ரொம்ப எறங்குனாலும் தல சுத்தி விழுவோம்.

கணக்கு சுளுவு. நாலு பேரு இருக்க வீட்டுக்கு நாளுக்கு 20 கிராம். ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டு 50 நாளைக்காவது வரணும். ஊறுகா, அப்பளம், கருவாடு எல்லாம் வேற உண்டுன்னா இன்னும் நாள் கூட வரணும். சப்புனு இருக்கேன்னா எலுமிச்சம்பழத்தப் பிழி, மிளகத் தட்டிப் போடு. சில வாரத்துல நாக்கு பழகிரும். மெஷின்ல வாரத்துக்கு ஒருக்கா, வெறும் வயித்துல ஏறு. பொழுதன்னைக்கும் ஏறி எறங்குனா மெஷினுதான் தேயும்.

நாளைக்கு விடியக்காலம் எழுப்புவேன், கடற்கரைக்கு நடக்கணும். “கால் வலிக்கு தாத்தா”ன்னு சொன்னேன்னு வையி, போர்வைக்குள்ள சரசரத்தது என்னன்னு ஒங்கம்மாட்ட ஒரு வார்த்தை போட்டுருவேன்.