கனி உண்டு உயிர் தரித்தல்

ஹட்சன் சாஃப்ட் நிறுவனத்தார் 1986-இல் வெளியிட்ட ‘அட்வென்சர் ஐலண்ட்’ என்னும் வீடியோ விளையாட்டை நடுத்தரச் சரக்கென்று இகழ்வோர், பழைய ஃபேமிகாம் பெட்டியின் முன் சம்மணமிட்டமர்ந்து, கார்ட்ரிட்ஜின் வாயில் ஊதும் பிராணாயாமத்தை ஒருமுறையேனும் அனுஷ்டித்திராத அஞ்ஞானிகளே.

தழையாடை தரித்த நாயகன் ஓடிக்கொண்டே பழம் தின்ன வேண்டும். தவறினால், பாம்போ நத்தையோ தீண்டாமலே, வெறும் பசியால் மாள்வான். இதனினும் உத்தமமான ஆகார நியமத்தை எந்த வைத்தியர் உபதேசித்தார்? சில முட்டைகளை உடைத்தாலோ, கத்தரிக்காய் ஒன்று வெளிப்பட்டு, விடாது தொடர்ந்து வந்து, ஆயுளை உறிஞ்சுகிறது. சாம்பாரில் கத்தரிக்காயைக் கண்டு முகம் சுளிக்கும் குழந்தைகளுக்கு இவ்வாறு ஒரு பிரமாணம் கிடைத்தது.

பிரதேசங்கள் 8, சுற்றுகள் 32. ஒவ்வொரு பிரதேசத்தின் முடிவிலும் அதே உடலில் வேறு தலை பூண்டு அதே பகைவன் நிற்பான். ஓவியருக்கு உழைப்பு மிச்சம். தேர்தல் பல கண்ட நமக்கு ஆச்சரியமும் மிச்சம். எட்டிய இடத்தைச் சேமித்து வைக்கும் வசதியும் கிடையாது. பற்றறுத்தலுக்கு வேறு குரு வேண்டுமா?

நேற்றுக் காலை ஆறரை மணிக்கு அமர்ந்தவன், ஏழாம் பிரதேசத்தில், பட்டினிச் சாவைத் தவிர்க்கும்பொருட்டுப் பழம் பழமாக விழுங்கியபடி பாய்ந்துகொண்டிருந்த தருணத்தில், மின்சாரம் போயிற்று. கண்கள் இருட்ட, சுவரைப் பிடித்து எழுந்தேன். மணி மூன்று. மனைவி காலையில் நறுக்கி வைத்த கொய்யாத் துண்டுகள் அருகிலேயே இருந்தன. எறும்புகள் ஓடிக்கொண்டே தின்றுகொண்டிருந்தன.