முதன்மைத் தொழில் எது?

(பழவேற்காடு ஏரிக்கரை, தோணிரேவு. கையில் டேப்லெட்டோடு தொழிலாளர் கணக்கெடுப்பாளர். திண்ணையில் பனை ஓலைப் பெட்டி முடையும் இளம்பெண்.)

கணக்கெடுப்பாளர்: உன் தொழில் என்னம்மா?

பெண்: எத்தனை மணிக்கு சார்?

கணக்கெடுப்பாளர்: புரியலையே!

பெண்: விடிகாலையில ஏரியில இறால் தடவுவேன். வந்ததும் ஓலை. ரெண்டு மணி ஷிப்டுக்கு கும்மிடிப்பூண்டி கம்பெனி வேன் வந்துடும்.

கணக்கெடுப்பாளர்: வருஷத்துல அதிக நாள் செய்யறது முதன்மைத் தொழில். 30 நாளாவது செய்யறது துணைத் தொழில். எது எது?

பெண்: ஏரியைக் கேட்டுத்தான் சொல்லணும். முகத்துவாரம் மணல் அடைச்சா இறால் வராது, அப்போ ஓலை முதன்மை. ஓலைக்கு ஆர்டர் இல்லன்னா கம்பெனி முதன்மை. அங்கயும் ஆளைக் குறைச்சா கடன்தான் முதன்மை.

கணக்கெடுப்பாளர்: கடன் ஒரு தொழிலாம்மா?

பெண்: வாரா வாரம் லீவே இல்லாம பாக்குறேனே சார்!

கணக்கெடுப்பாளர்: சரி, மீனவர்னு போடறேன். வலை, படகு உண்டா?

பெண்: கைதான் வலை. பறிக்கூடையைப் பல்லுல கடிச்சுக்கிட்டு சேத்துல தடவுவோம். வாயைத் திறந்தா இறால் போயிடும். கரையேறி வாயைத் திறந்தா வியாபாரி போயிடுவாரு.

கணக்கெடுப்பாளர்: ஏரியில முறை வெச்சு மீன் பிடிக்க ‘பாடு’ உண்டாமே?

பெண்: அந்த முறைச் சீட்டுல ஆம்பளைங்க பேருதான் வரும். எங்க பங்கு சேறு.

கணக்கெடுப்பாளர்: பிளஸ் டூ படிச்சிருக்கியே, அதுக்கேத்த வேலை?

பெண்: இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துல சாயந்திரம் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன். மாசம் 1,000 ரூபா.

கணக்கெடுப்பாளர்: அது வேலையில்லம்மா, தன்னார்வம்.

பெண்: ஆர்வம் இருந்துச்சு சார், அரிசிக்குப் பத்தல.

கணக்கெடுப்பாளர்: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?

பெண்: ஏரியில நாலு, ஓலையில மூணு, கம்பெனியில எட்டு. பதினஞ்சு.

கணக்கெடுப்பாளர்: அடேயப்பா! 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட மசோதாவையே 2023 மே தினத்தன்னிக்கு வாபஸ் வாங்கிட்டாங்களே!

பெண்: அது ஒரே முதலாளிகிட்ட 12 மணி நேரம். நான் மூணு இடத்துல பிரிச்சுப் பாக்குறேன். யாரும் சட்டத்தை மீறல.

கணக்கெடுப்பாளர்: இவ்வளவுக்கு இதுல கட்டம் இல்லம்மா. ‘வீட்டு வேலை’ன்னு போட்டுடவா?

பெண்: அதையும் நான்தான் செய்யறேன், கூலியில்லாம. நீங்க ஒண்ணு எழுதிக்குங்க சார். ஒரே வேலையில குடும்பம் நடத்தற கூலி குடுத்தா, உங்க ஃபாரம் ஒரே கட்டத்துல முடிஞ்சிடும்.